தாத்தா வீட்டுத் தேக்கு அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கும்பகோணம் வீட்டைக் காலி செய்தபோது சென்னைக்கு வந்து சேர்ந்த மூன்று சாமான்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, இரண்டு கதவு வைத்த தேக்கு அலமாரி. பாலிஷ் கறுத்துப் போயிருக்கிறது. இன்னொன்று, திண்ணையில் கிடந்த நீள பெஞ்ச். என்ன மரம் என்று தெரியவில்லை, மேலே பச்சை எனாமல் பல கோட் ஏறியிருக்கிறது, ஒரு கால் ஆடுகிறது. மூன்றாவது, பின்னாளில் வாங்கிய டிரெஸ்ஸிங் டேபிள். பார்ட்டிக்கிள் போர்டில் சன்மைக்கா ஒட்டியது. மூன்றையும் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் உங்கள் பெயிண்டர். மூன்றுக்கும் வெள்ளை சாக் பெயிண்ட் (மட்டாக நின்று எளிதில் தேயும் பெயிண்ட்) அடித்து, ஓரங்களைத் தேய்த்துவிட்டுப் பழசு மாதிரி காட்டலாம் என்கிறார் உங்கள் மகள். யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

அலமாரி விஷயத்தில் பெயிண்டர் பேச்சைக் கேளுங்கள். பெஞ்ச் விஷயத்தில் மகள் பேச்சைக் கேளுங்கள். டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் பாலிஷ் போட அதில் மரமே வெளியே இல்லை. பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் அதற்கு வழி வேறு.

முதலில் அலமாரி. பழைய தேக்கின் நிறம் காலம் போகப் போகத்தான் வருகிறது. கடையில் வாங்க முடியாது. தேக்கில் நுண்துளைகள் பெரியவை. ஒருமுறை வெள்ளை பெயிண்ட் அவற்றுக்குள் இறங்கிவிட்டால், பிறகு மனசு மாறி யாரைக் கொண்டு தேய்த்தாலும் துளைக்குள் போனது முழுதாக வராது. ரேகை முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். பெயிண்ட் அடிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அடித்ததை இல்லையென்று ஆக்குவதுதான் நடக்காது. அதனால் நல்ல தேக்கு, வேங்கை, ஈட்டி என்று தெரிந்தால் முதலில் அதை மரமாகவே மீட்கப் பாருங்கள்.

அந்தக் கறுப்பு மரத்தில் இல்லை, பாலிஷில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விளக்குப் புகை, கைப்பிடியைச் சுற்றிக் கை எண்ணெய், அதன் மேல் தூசி. இதைச் சோதிக்க ஒரு பஞ்சு போதும். அலமாரியின் பக்கவாட்டில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பஞ்சில் ஸ்பிரிட் (பாலிஷ் கலக்கும் ஆல்கஹால்) தொட்டு அரை நிமிஷம் தேயுங்கள். பாலிஷ் பிசுபிசுவென்று இளகிப் பஞ்சு பழுப்பாகிவிட்டால் அது அரக்கு, அதாவது அந்தக் காலத்து பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ, மெலமைன் மாதிரி பிற்காலப் பூச்சோ ஏறியிருக்கிறது. உங்களுடையது அரக்காக இருந்தால் நல்ல காலம். உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் ஸ்பிரிட் நனைத்து, ரேகை போகும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுத்தால் அழுக்கு வந்துவிடும், மரத்தின் நிறம் அப்படியே நிற்கும். அதன் மேல் புது அரக்கு மூன்று நான்கு மெல்லிய கோட் ஏற்றினால் போதும்.

உங்கள் மகளின் ஆசைக்கும் அதே அலமாரியில் இடம் இருக்கிறது: உள்பக்கம். பின்பலகை பெரும்பாலும் சாதாரண மரமாகத்தான் இருக்கும். அதில் காவியோ மயில் நீலமோ அடித்து, மேலே ஒரு கோலத்தை ஸ்டென்சிலில் போட்டால், கதவைத் திறக்கும்போது தனி அழகாக இருக்கும். ஒன்று கவனம்: அலமாரியின் உள்ளே எண்ணெய் பெயிண்ட் கூடாது. மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் போகாது, துணியிலெல்லாம் ஏறும். தண்ணீர் சார்ந்த எமல்ஷன், மேலே அரக்கு, அவ்வளவுதான். கைப்பிடி உடைந்திருந்தால் புதிதாக ஸ்டீல் கைப்பிடி போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் தேடினால் அந்தக் காலத்துப் பித்தளைக் கைப்பிடியே கிடைக்கும்.

பெஞ்சுக்குப் போகும் முன் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அலங்காரப் பெயிண்ட் வேலைகள் பெரும்பாலும், பெயிண்டில் தானாக வரும் கோளாறுகளை நாமே வேண்டுமென்று, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு வரவழைப்பவைதான். மேல்கோட் வெடிப்பது ஒரு கோளாறு. அதை அடக்கிச் செய்தால் கிராக்கிள். ஓரம் தேய்ந்து அடிநிறம் தெரிவது கோளாறு. அதையே திட்டமிட்டால் டிஸ்ட்ரெஸ். செதுக்கு வேலையின் இடுக்கில் அழுக்கு தங்குவது கோளாறு. அடிநிறம் தெரியும்படி மெல்லிய பழுப்புப் பூச்சை இடுக்கில் தேய்த்து மேட்டில் துடைத்தால் அது கிளேசிங். எந்தக் கோளாறு ஏன் வருகிறது என்று தெரிந்தவர் கைக்கு அது அடங்கும். தெரியாமல் செய்தால் விரும்பிய இடத்தில் வராது, நடு இருக்கையில் தானாக உரிந்து வரும். அடித்தளத்தை ஒழுங்காகச் செய்யச் சொல்லி நான் இத்தனை தூரம் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது பெஞ்ச். பச்சையைக் கையால் தொடுவதற்கு முன்னால் அதை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பச்சை எனாமலில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில் நிறத்துக்காகவே ஈயக் குரோமேட் சேர்ப்பது சகஜம். திண்ணை பெஞ்ச் எந்தக் காலத்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே உலர் உப்புத்தாள் வேண்டாம், மெஷின் சாண்டர் வேண்டவே வேண்டாம், டார்ச் வைத்துச் சுடுவது அதைவிட ஆபத்து. பெயிண்ட் ரிமூவர் ஜெல்லைப் பூசி, ஊறவிட்டு, சுரண்டுதகட்டால் வழித்து எடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். கையுறை, நல்ல மாஸ்க், அடியில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு, எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். வழித்ததை அந்த விரிப்பிலேயே சுருட்டிக் கட்டிவிடுங்கள்; செடித்தொட்டி மண்ணில் உதறாதீர்கள். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த வேலை நடக்கும் இடத்துக்கு அவர்கள் வரவே கூடாது. உங்கள் பெஞ்சில் பெயிண்ட் எங்கும் உரியாமல் கெட்டியாக இருக்கிறதென்றால் முழுக்க எடுக்கத் தேவையே இல்லை. மேலோட்டமாக ஈரத் தேய்ப்பு ஒன்று, அப்புறம் பிரைமர். ஈயத்தைக் கிளறாமல் அடியிலேயே புதைப்பது அதைக் காற்றில் கலப்பதைவிட நல்லது. அப்படிச் செய்தால் பின்னால் ஓரங்களைத் தேய்க்கும்போது புது அடிநிறத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பச்சை வரைக்கும் போகக் கூடாது.

ஆடுகிற காலைப் பெயிண்டுக்கு முன்னால் சரி செய்யுங்கள். பழைய பொருத்துகளில் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) போட்டிருப்பார்கள். அதன் மேலேயே ஃபெவிகாலை ஊற்றினால் பிடிக்காது. வெந்நீரில் நனைத்த துணியைப் பொருத்தின் மேல் சுற்றி வைத்தால் வஜ்ஜிரம் இளகும். பிரித்து, சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகு புதிதாக ஒட்டி, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஆடும் பொருத்தின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அந்தக் கோட்டில் கீறல் விட்டே தீரும். கூடவே அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக மாவு கொட்டினால் உளு (மரம் துளைக்கும் பூச்சி) இன்னும் உயிரோடு இருக்கிறது. துளைகளுக்குள் சிரிஞ்சால் மரப்பூச்சி மருந்து ஏற்றி, மாவு கொட்டுவது நின்றதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும்.

அடுத்தது மரத்தின் சாயம். வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிடும். தண்ணீர் சார்ந்த வெள்ளை பெயிண்டை வேங்கை மேல் அடித்தாலும் அதேதான் நடக்கும். பெயிண்டில் உள்ள தண்ணீர் சாயத்தை இழுத்து மேலே கொண்டுவரும், இரண்டு நாளில் வெள்ளைக்குள் மஞ்சள் தீவுகள் தெரியும். தேக்கிலும் பலாவிலும்கூட இது உண்டு. இன்னொரு கோட் அடித்தால் அந்த கோட்டிலும் ஊறி வரும். இதை நிறுத்துவது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. தண்ணீரில் கரையும் சாயத்தை மேலே விடாது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குச் செதில் போட்டு, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு நாள் ஊறவிடுங்கள். இரும்பு டப்பா கூடாது, அரக்கு கறுத்துவிடும். கலக்கியதை அப்படியே விட்டால் அரக்கின் மெழுகு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்து இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள். அந்த மெழுகு கலந்திருந்தால் மேலே வரும் பூச்சு சிலசமயம் பிடிக்காமல் போகும். தேக்கின் மேல் அடிப்பதாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். அரக்குக்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். முதல் நாள் துடைத்துவிட்டு மறுநாள் அடித்தால் எண்ணெய் திரும்ப மேலே வந்திருக்கும்.

சரி, இப்போது அலங்காரம். பெஞ்சுக்கு நான் சொல்வது இரண்டு நிறத் தேய்ப்பு. அடியில் காவி, மேலே சந்தன வெள்ளை. அல்லது அடியில் சந்தன வெள்ளை, மேலே பழைய பச்சை. திண்ணை ஞாபகமும் போகாது. இங்கேதான் அந்தப் போட்டோ வேண்டும்.

பழசு மாதிரி காட்டுகிறேன் என்று பலரும் செய்வது எல்லா ஓரத்தையும் ஒரே அளவுக்குத் தேய்த்துவிடுவது. பார்த்தவுடனே அது பொய் என்று தெரிந்துவிடும், ஏனென்றால் சாமான் அப்படித் தேயாது. உங்கள் பெஞ்சை உற்றுப் பாருங்கள். இருக்கையின் முன்விளிம்பில், உட்காருபவரின் தொடை உரசும் இடத்தில், பச்சை மெலிந்து மரம் தெரியும். பின்விளிம்பில் பெயிண்ட் புதுசாகவே இருக்கும். எழுந்திருக்கக் கை ஊன்றும் இரண்டு முனைகளில் வழவழவென்று தேய்ந்திருக்கும். கால்களை இணைக்கும் குறுக்குக்கட்டையின் மேல்பக்கம் மட்டும், குதிகால் பட்டுப் பட்டுக் குழிவாகியிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் அடித்த அன்றைய பச்சை அப்படியே இருக்கும். கால்களின் நுனி பெருக்குமாறும் ஈரத் துணியும் பட்டு உரிந்திருக்கும். இந்த வரைபடத்தை வீட்டு மனிதர்களின் உடம்பே வரைந்து கொடுத்திருக்கிறது. அதையே பின்பற்றுங்கள்.

செய்முறை இது. அடிநிறம் இரண்டு கோட், நன்றாகக் காய வேண்டும். போட்டோவில் தேய்ந்திருந்த இடங்களில் மட்டும் வீட்டு மெழுகுவத்தியை அழுத்தி உரசுங்கள். துகளைத் தட்டிவிட்டு மேல்நிறம் அடியுங்கள். மெழுகு உள்ள இடத்தில் மேல்நிறம் பிடிக்காது. காய்ந்தபின் சுரண்டுதகட்டால் லேசாகத் தள்ளினாலே செதிலாக வந்துவிடும். சுற்றுவட்டத்தை 220 எண் உப்புத்தாளால் மழுப்பிவிட்டால் கோடு தெரியாது. மழமழவென்று மங்கி மறையும் தேய்மானம் வேண்டுமென்றால் மெழுகு வேண்டாம். மேல்கோட் அடித்த சில மணி நேரத்துக்குள், எமல்ஷன் முழுதாக இறுகும் முன், ஈரத் துணியை விரலில் சுற்றித் தேயுங்கள். தூசியே எழாது, ஓரமும் மென்மையாக வரும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது முறை. தேய்க்கும்போது அடிக்கடி நான்கடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் குறைவாகத் தோன்றுவது தள்ளி நின்றால் போதுமானதாக இருக்கும்.

சாக் பெயிண்ட் பற்றி. இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990-ல் அந்தப் பெயரில் கொண்டுவந்தது. உப்புத்தாள் தேய்ப்பும் பிரைமரும் இல்லாமலே பிடிக்கும் என்பதுதான் அதன் பெருமை. மட்டான மேற்பரப்பு, எளிதில் தேயும் தன்மை, இரண்டும் டிஸ்ட்ரெஸ் வேலைக்கு மிகவும் தோது. ஆனால் நம் வீட்டுப் பழைய சாமானில் விளக்கெண்ணெய், கற்பூரப் புகை, தலையெண்ணெய் எல்லாம் ஏறியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு முறையாவது துடைக்காமல் அடித்தால் எந்த சாக் பெயிண்டும் உரியும். எனாமல் மேல் அடிப்பதானால் லேசான ஈரத் தேய்ப்பும் வேண்டும். சாயம் ஊறும் மரத்துக்கு அரக்கும் வேண்டும். வெளிநாட்டு டப்பா விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வீட்டிலேயே கலக்கலாம்: மூன்று பங்கு மட் எமல்ஷன், ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணீர். பிளாஸ்டரை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் எமல்ஷனில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் அடித்து முடிக்கிற அளவுக்கே கலக்குங்கள், இறுகிவிடும். பிளாஸ்டருக்குப் பதில் மென்மையான சாக் பவுடர் போட்டால் இறுகாது, வேலை நிதானமாக நடக்கும். கோலமாவைப் போட வேண்டாம், நறநறவென்று நிற்கும்.

இதைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது, பால் பெயிண்ட். பாலில் உள்ள கேசின் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பசையாகிவிடும். கொழுப்பு நீக்கிய பால் ஒரு லிட்டர், நீற்றிய சுண்ணாம்பு ஒரு 30 கிராம். சுண்ணாம்பைக் கொஞ்சம் பாலில் குழைத்துக்கொண்டு மீதிப் பாலை ஊற்றிக் கலக்கி, கெட்டியாகும் வரை சாக் பவுடர் சேர்த்து, நிறத்துக்குத் தரை போடும் ரெட் ஆக்சைடோ யெல்லோ ஆக்சைடோ கலந்தால் ஆயிற்று. அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும், மறுநாள் கெட்டுவிடும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்று மரத்தில் இது உள்ளே இறங்கிக் காலாகாலத்துக்கு நிற்கும். பழைய பாலிஷ் மிச்சம் இருக்கும் இடத்தில் பிடிக்காமல் தானே செதில் செதிலாக உதிரும். அந்த உதிர்தல்தான் அதன் அழகு என்று அதற்காகவே அடிப்பவர்கள் உண்டு. ஆனால் எங்கே உதிரும், எவ்வளவு உதிரும் என்பது நம் கையில் முழுக்க இருக்காது. தினமும் உட்காரும் பெஞ்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அலமாரியின் உள்பலகை வெற்று மரமாக இருந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயிண்ட் கிடையாது.

கிராக்கிள் வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். அதை டிரெஸ்ஸிங் டேபிளின் டிராயர் முகப்புகளில் செய்யலாம். பெஞ்சின் இருக்கையில் வேண்டாம், வெடிப்பின் விளிம்புகள் துணியை இழுக்கும், அழுக்கும் சேரும். வெடிப்பு வருவதற்குக் காரணம் இதுதான்: மேல்கோட் தண்ணீரை இழந்து சுருங்குகிறது, அடியில் உள்ளது இன்னும் இறுகாமல் நகர்கிறது, பிடிமானம் இல்லாத மேல்தோல் பிளக்கிறது. எண்ணெய்ச் சித்திரம் வரைபவர்கள் எண்ணெய் அதிகமுள்ள கோட்டை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் வைப்பது இந்தப் பிளவைத் தவிர்க்கத்தான். நாம் அதைத் தலைகீழாக்குகிறோம். அடிநிறம் காய்ந்தபின் ஃபெவிகாலைப் பிரஷால் பூசி, விரல் வைத்தால் ஒட்டி இழுக்கும் பதம் வரும் வரை காத்திருங்கள். ஈரமாக இருந்தால் இரண்டும் கலந்து குழம்பும், முழுக்கக் காய்ந்தால் வெடிக்காது. பதம் வந்ததும் மேல்நிற எமல்ஷனை நிறையத் தொட்டு ஒரே இழுப்பில் அடியுங்கள். அடித்த இடத்தில் பிரஷ் இரண்டாம் முறை போகவே கூடாது, போனால் வழித்துக்கொண்டு வரும். சில நிமிஷங்களில் கண் முன்னாலேயே கோடு கோடாகத் திறக்கும். பசை கனமாக இருந்தால் பெரிய வெடிப்பு, மெலிந்தால் பொடி வெடிப்பு. பிரஷ் போன திசையில்தான் கோடுகளும் ஓடும். ஸ்பாஞ்சால் ஒற்றினால் சிலந்தி வலை போல நாலா பக்கமும் போகும். டிராயரைக் கழற்றித் தரையில் படுக்க வைத்துச் செய்யுங்கள். நிற்க வைத்தால் பசை வழியும். முதலில் ஒரு அட்டையிலோ துண்டுப் பலகையிலோ செய்து பாருங்கள், அதுவும் அடிக்கப்போகும் அதே நாளில். காற்றின் ஈரம் மாறினால் பதமும் மாறும்.

டிரெஸ்ஸிங் டேபிளில் எதிரி தண்ணீர். பார்ட்டிக்கிள் போர்டின் வெட்டு விளிம்பில் ஈரம் இறங்கினால் ஊதிப்போகும், பிறகு சமன் செய்யவே முடியாது. ஆகவே சன்மைக்கா விட்டுப்போன விளிம்புகளை முதலில் அரக்கால் அடைத்துவிடுங்கள். சன்மைக்காவை 180 எண் தாளால் பளபளப்பு போகும் வரை ஒரே சீராகத் தேய்த்து, வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமரை அடித்து, ஒரு நாள் காயவிட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுருளாக வந்தால் தேய்ப்பு போதவில்லை. இந்தச் சோதனையில் தேறாமல் மேலே எதுவும் செய்யாதீர்கள்.

இந்த மேஜைக்குத் தங்க நிறத்தில் ஓரக்கோடு வேண்டுமென்ற ஆசைக்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். டப்பாவில் வரும் கோல்டு பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடி. காற்றுப் பட்டால் நாளடைவில் பழுப்பாகி மங்கும். குஜராத்தின் சங்கேடாவில் தேக்கு ஊஞ்சலும் நாற்காலியும் செய்பவர்கள் தங்கமே இல்லாமல் தங்கம் காட்டுகிறார்கள். ஈயம் அல்ல, வெள்ளீயத்தைப் பசையோடு அரைத்து மையாக்கி, அதால் பூவேலை தீட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதுவரை அது வெள்ளி. அதன் மேல் அரக்கு ஏறியதும் பொன்னாகிவிடும். அரக்கின் இயற்கையான செம்பொன் நிறம் வெள்ளி மினுக்கின் மேல் கண்ணாடி போல நிற்பதுதான் காரணம். வீட்டில் இதையே அலுமினியத் தாளில் செய்யலாம். கைவினைக் கடையில் கிடைக்கும் மெல்லிய அலுமினிய லீஃபைப் பசையிட்டு ஒட்டி, மென்மையான பிரஷால் ஒற்றி, மேலே வெளுக்காத அரக்கை ஒன்று, இரண்டு, மூன்று கோட் என்று நிறம் வரும் வரை ஏற்றுங்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். இதன் அழகை டப்பா கோல்டு ஒருநாளும் தராது. அலமாரிக்கு உள்ளே போடும் கோலத்துக்கும் இதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள் மகளிடம்.

ஸ்டென்சிலுக்கு ஒரே விதி, பிரஷில் பெயிண்ட் ஏறக்குறைய இல்லாத மாதிரி இருக்க வேண்டும். தொட்டதைப் பழைய துணியில் பாதிக்கு மேல் ஒற்றிவிட்டுக் குத்துக் குத்தாக வையுங்கள். ஓரம் கசியாது.

கடைசி கோட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் பாதி வேலை கெடுவது அங்கேதான். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் சாக் பெயிண்டுக்கு மேல் மெழுகு தேய்க்கிறார்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. தேன்மெழுகு 62, 64 டிகிரியில்தான் உருகும் என்றாலும், டர்பென்டைன் கலந்து குழைத்த மெழுகு சென்னை மே மாதத்தில் இறுக்கமாக நிற்காது. கை வைத்தால் பிசுக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்துணி போட்டால் வெளுக்கும். ஆகவே பெஞ்சுக்கும் டிரெஸ்ஸிங் டேபிளுக்கும் தண்ணீர் சார்ந்த மட் பாலியூரித்தேன் கிளியர் இரண்டு கோட் கொடுங்கள். எண்ணெய் சார்ந்த கிளியரை வெள்ளை மேல் போட்டால் மஞ்சளித்துப் போகும். மெழுகின் மென்மையான மினுக்கு வேண்டும் என்று மனசு கேட்டால், கிளியர் நன்றாக இறுகிய பிறகு அதன் மேல் மெல்லிசாகத் தேய்த்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றக் கூடாது, மெழுகு மேல் எந்தக் கிளியரும் பிடிக்காது. அலமாரியின் வெளிப்பக்க அரக்கு மேல் மட்டும் மெழுகு நேரடியாகப் போடலாம். அங்கே சூடான டம்ளரோ ஸ்பிரிட் கலந்த சானிடைசரோ படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காலம் என்று பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதீர்கள். ஈரக்காற்றில் லாக்கரும் அரக்கும் வெண்மை பூத்துவிடும். கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் மங்கல் அது. தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். சித்திரை வெயிலில் செய்ய நேர்ந்தால் காலை ஒன்பதுக்குள் அடித்து முடியுங்கள். தண்ணீர் சார்ந்த பெயிண்ட் என்றால், பிரஷைத் தண்ணீரில் நனைத்து உதறிக்கொண்டு தொட்டால் இழுப்புக் கோடுகள் விழாது. மின்விசிறியை நேரே போடாதீர்கள்.

தொட்டால் காய்ந்தது போல இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. தண்ணீர் சார்ந்த பெயிண்டும் கிளியரும் முழு வலு பெற மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பெஞ்சில் லேசாக உட்காரலாம், ஆனால் டேபிள் மேல் கண்ணாடிப் பலகை போடுவது, பூந்தொட்டி வைப்பது, பிளாஸ்டிக் விரிப்பு விரிப்பது எல்லாம் வேண்டாம். ஒட்டிக்கொண்டு பெயிண்டோடு வரும். அந்த நாட்களில் துடைக்கக் காய்ந்த துணி மட்டும். அதற்குப் பிறகு பிழிந்த ஈரத்துணி போடலாம். ஃபினாயில், கிளீனர் ஸ்பிரே எதுவும் இந்த மூன்றின் பக்கமும் வர வேண்டாம். மிச்சமான அடிநிறத்தையும் மேல்நிறத்தையும் சின்ன பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி, என்ன நிறம், எந்தக் கடை என்று எழுதி ஒட்டி வையுங்கள். பெஞ்சின் கால் நுனி எப்படியும் ஒரு வருஷத்தில் டச்சப் கேட்கும்.